எலுமிச்சை தேய்த்த செல்கள்

சாரம் பகுதியில் நான் வேலை பார்த்த கடையில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பழுது பார்த்த ஒவ்வொரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையும் வெளியே விடும்போது இரண்டு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு பழம் வைப்பான் முதலாளி. வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்து நசுக்கிக்கொண்டு போவார். அதற்காக மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பழம் கிடக்கும். எங்கள் சண்டை முற்றியது அந்தப் பழத்தால்தான். ஆனால் தொடங்கியது அதற்கு முன்னால். நான் கடைக்குள் கால் வைத்த அன்றே அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவனைப் பிடிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் அவன் என்னை வைத்துக்கொண்டான். படுக்க இடம் கிடைத்ததால் நான் இருந்தேன்.

அவனுக்கு இருபத்தேழு வயது, டிப்ளமா படித்தவன். எனக்கு நாற்பத்தெட்டு, எட்டாவது பாதியில் நின்றவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் கம்பெனி கேன்டீன், பெங்களூரில் பழைய லேப்டாப் உடைக்கும் கொட்டகை. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பெங்களூரில் ஒரு நாள் தகர டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த பேட்டரி செல் ஒன்று சீறிக்கொண்டு எரிந்தது. டப்பாவைத் தள்ளிவிடக் கையை நீட்டினேன். இடது முழங்கைக்குக் கீழே இன்றும் முடி முளைப்பதில்லை. தோல் வெந்த அப்பளம் மாதிரி இருக்கும். பேட்டரி வேலைக்கு என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் அது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "வேல தெரிஞ்சவன் கை இப்பிடி இருக்காது" என்றான்.

கடை என்பது அவன் வீட்டின் முன்னறை. வீடு அவன் அப்பாவுடையது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரியவர் கூடத்தில் கட்டிலில் படுத்தபடி நாள் முழுக்க பிரெஞ்சு சேனலைச் சத்தமாக வைத்திருப்பார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், "அலே! அலே!" என்று கையை வீசுவார், தெரு நாயை விரட்டுகிற அதே கையசைப்பு. அவர் மகன் அதைத் தமிழில் செய்தான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்கூட்டர்களின் பேட்டரிப் பெட்டிக்குள் விரல் பருமனில் உருளை உருளையாக லித்தியம் செல்கள் அடுக்கியிருக்கும். பெட்டி செத்துவிட்டது என்றால் எல்லாச் செல்லும் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. பழைய லேப்டாப்பிலிருந்தும் மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளிலிருந்தும் காயலான் கடைக்காரர்கள் கொண்டுவரும் பெட்டிகளை உடைத்து, நல்ல செல்லைப் பொறுக்கி, புதிதாகக் கட்டிக் கொடுப்போம். உடைப்பதும் பொறுக்குவதும் நான். தகடு வைத்துப் பற்ற வைப்பது அவன்.

பொறுக்குவதில் முக்கியமான இடம் செல்லின் தலை. பிளஸ் முனையில் ஒரு சின்னத் தொப்பியும் அதைச் சுற்றி மடித்துவிட்ட விளிம்பும் இருக்கும். உள்ளே கசிந்தால் அங்கேதான் ஈரம் தெரியும், வெள்ளையாகப் பூக்கும், பிறகு துருப்பிடிக்கும். கசிவுக்கு ஒரு வாசனை உண்டு. நெயில் பாலிஷும் அழுகத் தொடங்கிய பழமும் கலந்தது போன்ற தித்திப்பு வாசனை. அது வந்தால் பேச்சுக்கே இடமில்லை, செல்லைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாசனை இல்லாமல் துரு மட்டும் இருந்தால்தான் வம்பு. வெளியிலிருந்து வந்த துருவா, உள்ளேயிருந்து வந்த துருவா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

கழித்த செல்லை அப்படியே குப்பையில் போட்டால் எங்காவது உரசித் தீப்பிடிக்கும். அதனால் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மிச்ச மின்சாரமும் வடிந்து செத்துவிடும் என்பது பெங்களூர்க் கொட்டகையில் கேட்டது. இங்கே கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு என்று நான் வைத்திக்குப்பம் போய் இரண்டு கேன் கடல் தண்ணீர் பிடித்து வந்து, கொல்லையில் ஒரு பெயின்ட் வாளியில் ஊற்றி வைத்திருந்தேன். கழித்ததெல்லாம் அதில் போகும். என் யோசனை என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற பெண் ஒருத்தி தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பின்சீட்டில் தெர்மோகோல் பெட்டி கட்டியிருந்தது. அதிலிருந்து ஐஸ் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, வண்டி பூட்டுச்சு. கண்ணே தொறக்க மாட்டேங்குது."

முதலாளி கால் வைக்கும் பலகையைக் கழற்றினான். கீழே பேட்டரிப் பெட்டி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஒரு வருடமாக மீன் தண்ணீர் அதன்மேல் இறங்கியிருக்கிறது.

"மீனுக்கு பதிலா பேட்டரிய உப்புல போட்டு கருவாடு ஆக்கிட்டீங்களேக்கா."

"கருவாடா இருந்தா அதையும் வித்துருப்பேன். எப்ப தருவ?"

"மொத்தமும் மாத்தணும். நூத்தி நாலு செல்லு. பழைய மாதிரியே ஓடும். லாஸ்பேட்ட வரைக்கும் போயி நல்லா சுத்திட்டு வரலாம். வெள்ளிக்கெழம எடுத்துக்குங்க."

"வெள்ளி வர்லன்னா ஞாயித்துக்கெழம யாவாரம் போச்சு. ஞாயித்துக்கெழம யாவாரம் போச்சுன்னா மீன் கழுவுன தண்ணிய கொண்டாந்து ஒன் கட வாசல்ல ஊத்திட்டுப் போவேன். ஒரு வாரம் ஒருத்தன் வரமாட்டான்." பிறகு என் கையைப் பார்த்தாள். "இந்தாளு யாரு? என் வண்டிய இவன் தொடக்கூடாது."

"நான்தான் செல் பொறுக்கறவன்" என்றேன்.

"மூஞ்சப் பாத்தா வேற எதையோ பொறுக்கறவன் மாதிரி இருக்க."

முதலாளி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு.

அவள் சார்ஜரைக் கொண்டுவரவில்லை. மறுநாள் நான் கடல் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவள் வீட்டிலிருந்து அதை வாங்கி வரச் சொன்னான் முதலாளி. சைக்கிளில் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். மீன் ஏலம் முடிந்திருந்தது. படகுகளுக்கு நடுவே வலை காய்ந்தது. விசாரித்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

ஒரே அறை, ஒரே கதவு. கதவை ஒட்டி உள்பக்கச் சுவரில் பிளக். அதன் கீழே டயர் தடம் தேய்ந்து சிமெண்ட் பளபளத்தது. வண்டி இரவு முழுக்க அங்கேதான் நின்று சார்ஜ் ஏறும் என்று பார்த்ததும் தெரிந்தது. நின்றால் கதவில் பாதி அடைபட்டுவிடும். அறையின் கோடியில் அடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் அவள் புருஷன். படகை இழுக்கும்போது இடுப்பு முறிந்தவன் என்று வழி சொன்னவர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் தூக்கினால்தான் எழுந்து உட்கார முடியுமாம்.

நான் கட்டிலையும் கதவையும் பிளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாக்குற?" என்றான் அவன்.

"சார்ஜர் வாங்க வந்தேன்."

"சார்ஜர் என் மூஞ்சிலயா கீது? ஆணில தொங்குது, எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேன் நிரப்ப மறக்கவில்லை.

வியாழக்கிழமை டீ குடித்துவிட்டு வந்தபோது கடை முழுக்க எலுமிச்சை வாசனை. மேசைமேல் பிழிந்த மூடிகள் குவிந்து கிடந்தன. முதலாளி ஒரு செல்லின் தலையில் அரை மூடியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தேய்த்து முடித்தவை துணியில் வரிசையாக இருந்தன. அலமாரியில் நல்லதாக எண்பது செல்தான் இருக்கிறது என்று காலையில் நான் சொல்லியிருந்தேன். நூற்று நாலுக்கு இருபத்து நாலு குறைந்தது. நான் கொல்லைக்குப் போய் வாளியைப் பார்த்தேன். பாதி காலி.

"வாளிலேருந்து எடுத்தியா?"

"ஆமா. செத்துப்போச்சுன்னு சொன்னியே, வந்து பாரு ஒன் பொணத்த." மீட்டர் முனைகளை ஒரு செல்லில் வைத்தான். மூன்று புள்ளி ஐந்து வோல்ட். அடுத்ததில் வைத்தான். மூன்று புள்ளி ஆறு. "மூணு வாரம் கடல் தண்ணில கெடந்தும் சாகல. தலையில துரு ஏறி கரண்ட் போற வழி அடச்சிக்கிச்சு. உள்ள அப்பிடியே இருக்கு. ஒனக்கு கொல்லவும் தெரில."

அது உண்மை. அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடல் தண்ணீர் செல்லைக் கொல்லும் முன்னால் தலையைத் தின்றுவிடுகிறது. வெளியே துருப்பிடித்து, உள்ளே உயிரோடு இருக்கும் செல்களை வாளி நிறைய நானே செய்து வைத்திருந்தேன்.

"இது வாளில போட்டதே கழிச்ச செல்லு" என்றேன்.

"எதுக்கு கழிச்ச?"

"ஊத்துச்சு."

"எல்லாமேவா? இந்த இருவத்தி நாலுல எது ஊத்துனது, எது ஊத்தாதது? தொட்டுக் காட்டு."

காட்ட முடியவில்லை. இரண்டு பெட்டிகளில் ஏழெட்டுச் செல் தித்திப்பு வாசனை அடித்தது. அதே பெட்டியில் கூட இருந்தவை என்பதற்காக மற்றவற்றையும் சேர்த்து வாளியில் தள்ளினேன். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பல். எழுதியும் வைக்கவில்லை. என் எழுத்து மெதுவாகத்தான் வரும், கடையில் எழுதுவதை நான் தவிர்ப்பேன்.

"எழுதி வெச்சியா? இல்ல. கணக்கா கழிச்சியா? இல்ல. நல்ல சாமான கொண்டு போயி உப்புல போட்டு துருப்புடிக்க வெச்சது நீ. இப்ப துரு இருக்கு, வேணாம்ங்கறதும் நீ. இது ஒன் துருய்யா. வெளித்துரு. தொடச்சா போச்சு."

ஒரு செல்லை எடுத்து மூக்கில் வைத்தேன். எலுமிச்சை. இன்னொன்று. எலுமிச்சை. இருபத்து நாலும் எலுமிச்சை. கசிந்ததைக் கண்டுபிடிக்க என்னிடம் இருந்த ஒரே கருவி மூக்கு, அதை அவன் அடைத்துவிட்டான். வேண்டுமென்றே செய்யவில்லை. பித்தளைச் சாமான் தேய்க்கிற மாதிரி தேய்த்திருக்கிறான், அவ்வளவுதான். புளிப்புத் தண்ணீர் விளிம்புக்குள் இறங்கினால் மிச்சமிருக்கும் முலாமையும் தின்னும் என்று சொன்னேன். "கெமிஸ்ட்ரி எனக்கு சொல்லித் தரியா, எட்டாங்கிளாஸ்?" என்றான்.

மத்தியானத்துக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுக் காகித வளையம் ஒட்டி, நீல உறை மாட்டிச் சூடு காட்டினான். இருபத்து நாலும் கடையில் வாங்கியது மாதிரி நின்றன.

"முழு சார்ஜ் ஏத்தி மூணு நாள் சும்மா வை. எது எறங்குதோ அது கெட்டது. அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

"நாளைக்கு வண்டி தரணும். மூணு நாளாம். நீ ஒக்காந்து அடகாக்கறதுக்கு இது முட்டையா?"

"அந்தம்மா வீட்டுல கதவோரம் நிக்குது வண்டி. உள்ள ஒரு ஆளு எழுந்திருக்க முடியாம கெடக்கறான். தீ புடிச்சா தாண்டி வர வழி கிடையாது. நான் பாத்துட்டு வந்தேன்."

"ஒன்ன சார்ஜர் எடுக்கத்தான் அனுப்புனேன். வேவு பாக்க இல்ல. வாய மூடிட்டு வேலயப் பாரு, இல்லன்னா பையத் தூக்கு."

நான் வெளியே போனேன்.

வண்டி இல்லாததால் அவள் அன்னக்கூடையைத் தலையில் சுமந்து வந்து, சாரத்தில் எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முனையில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, நல்ல செல் எண்பது, வாளிச் செல் இருபத்து நாலு என்று நான் சொன்னதைக் கேட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஒனக்கும் ஒன் மொதலாளிக்கும் தகராறு. நடுவுல என் மீனு நாறணுமா?"

"தகராறு இல்லன்னு சொல்லல. செல்லு நம்பிக்க இல்ல, அத சொல்றேன்."

"வேலய உட்டு நிறுத்திட்டானா? அதான் போட்டுக் குடுக்கறியா?"

"இன்னும் நிறுத்தல."

"நிறுத்துனா நல்லதுதான். ஞாயித்துக்கெழம எனக்கு வண்டி வேணும். நீ செல்லப் பாரு, நொள்ளையப் பாரு, எனக்கு இன்னா?"

"அப்ப வண்டிய வெளிய நிறுத்தி சார்ஜ் போடு."

"வெளிய நிறுத்துனா போற வர்றவன்லாம் வயர இழுப்பான். போன மாசம் மீன் பொட்டியவே தூக்கிட்டானுங்க. நீ வந்து காவ இருக்கறியா?"

"ஒன் வீட்டுக்காரரு எழுந்திருக்க மாட்டாரே" என்றேன்.

செதில் எடுத்த கை நின்றது. என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "அவரப் பத்தி நீ பேசாத" என்றாள். "போ. மீனு வாங்கறவங்க நிக்கறாங்க."

யாரும் நிற்கவில்லை. ஆனாலும் நான் எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தாள். கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேராக மேசைக்கு வந்தாள். "இந்தச் செல்லா?"

"நல்ல செல்லுக்கா. இங்க பாருங்க மீட்டரு." முதலாளி என்னை முறைத்துக்கொண்டே காட்டினான்.

"மீட்டரு எனக்குத் தெரியாது. நல்லதுதானே? ஒங்கப்பா எங்க படுக்கறாரு?"

"எதுக்கு?"

அவள் கேட்காமலே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். டிவி ஓடியது. பெரியவர் திரும்பி, "அலே" என்று கையை வீசினார். அவள் அசையவில்லை.

"அந்தக் கட்டிலுக்குக் கீழ வை. இந்தாளு மூணு நாளுங்கறான். மூணு நாளு அங்க இருக்கட்டும். இன்னிக்கி வியாழன், ஞாயித்துக்கெழம யாவாரம் எனக்குப் போவுது, போவட்டும். திங்கக்கெழம வரேன். ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவலன்னா என் புருசனுக்கும் ஆவாது."

முதலாளியின் முகம் சிவந்தது. மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் அவன் மறுக்க மாட்டான். "வெக்கறேன். எனக்கு என்ன பயம்?" என்றான்.

அவள் போனதும் இருபத்து நாலையும் சார்ஜில் போட்டான். நான் தெருவில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து சித்தாள் சுமக்கிற இரும்புப் பாண்டு நிறைய மணல் கொண்டு வந்தேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் செல்களை அதில் நட்டேன். "மண்ணு எதுக்கு? சாமி கும்புடவா?" என்று கேட்டான். ஆனால் மணலை எடுக்கவில்லை. அவனே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "கெஸ்கெ சே? கெஸ்கெ சே?" என்று பெரியவர் இரண்டு தடவை என்னவென்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்து நான் கொல்லைக்குப் போனபோது பாண்டு அங்கே குழாயடிச் சுவரோரம் வெட்டவெளியில் இருந்தது. மேலே ஒரு தகரம் சாய்த்து வைத்திருந்தது. முதலாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"அப்பாவுக்கு எலுமிச்ச வாசன ஒத்துக்கல" என்றான்.

"சளி புடிச்சிக்குமா?"

"வாய மூடு."

அதற்குமேல் மூன்று நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஸ்குரூ டிரைவர் வேண்டுமென்றால் கையை நீட்டுவான். நான் அதைக் கை எட்டாத இடத்தில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டு வரும்போது அவளைத் தெருமுனையில் பார்த்தேன். அன்னக்கூடை காலியாகிக்கொண்டிருந்தது, தலைச்சுமையில் எவ்வளவு வருமோ அவ்வளவு. எதிர்ச்சாரியில் வேறு ஒருத்தன் பெட்டி ஆட்டோவில் மீன் கொண்டுவந்து அவளுடைய வாடிக்கையை வாரிக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். தரையில்தான்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள். மூன்று பேரும் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். முதலாளி ஒவ்வொன்றாக மணலிலிருந்து எடுத்து, மீட்டர் வைத்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னான். நான் ஒரு அட்டையில் எழுதினேன். மெதுவாகத்தான் எழுதினேன். அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி ஒன்று. எட்டு வரைக்கும் அப்படியே வந்தது. அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாவது மூன்று புள்ளி எட்டு. பிறகு பதினாலாவது. மொத்தம் ஐந்து இறங்கியிருந்தன. ஐந்தில் ஒன்றைத் தூக்கியபோது அதன் தலையில் மணல் அப்பியிருந்தது. மற்ற எதிலும் மணல் ஒட்டவில்லை. ஊதிப் பார்த்தேன், போகவில்லை. மூக்கில் வைத்தேன். எலுமிச்சை போய்விட்டிருந்தது. அந்தத் தித்திப்பு வந்தது. அதை அவளிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அஞ்சு போவட்டும்" என்றான். "பத்தொம்பது நிக்குது. இவன் பேச்சக் கேட்டிருந்தா பத்தொம்பது நல்ல செல்ல தூக்கிப் போட்டுருப்போம்."

அதுவும் உண்மைதான்.

"பத்தொம்போதுல எது நாளைக்கு ஊத்தும்?" என்று அவள் கேட்டாள். முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. நீதான் பெரிய மூக்குக்காரனாச்சே."

"தெரியாது."

"நீ சொல்லு தம்பி, படிச்சவன்."

அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேருக்கும் தெரியாது. இதுக்கு நாலு நாளு ஒக்காந்துனு இருந்தீங்க." எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "மீதி எம்பது இருக்குன்னியே, அது எப்பிடி?"

"அது லேப்டாப்புலேருந்து எடுத்தது. தலையில துருவே கிடையாது. ஒரு மாசமா அலமாரில கெடக்கு, எறங்கல" என்றேன்.

"அப்ப அத வெச்சு மட்டும் கட்டு."

"தூரம் போவாதுக்கா" என்றான் முதலாளி. "லாஸ்பேட்ட போனீங்கன்னா திரும்பி வர முடியாது."

"போமாட்டேன். சாரத்தோட திரும்பிக்கறேன். மீனு கொறச்சலா உழுந்தா சின்னக் கூடைய எடுத்துனு போறேன். பெரிய கூடைய எடுத்துனு போயி அழுவுன மீன போட்டு நெரப்பறனா? நெரப்புனா நாளைக்கி எவன் வாங்குவான்?"

இந்தப் பெட்டிக்குப் பதின்மூன்று வரிசை மாறாது, வரிசைக்கு எட்டு என்றால் நூற்று நாலு. வரிசைக்கு ஆறு என்றால் எழுபத்தெட்டு. எண்பதில் இரண்டு மிஞ்சும். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பழைய தூரம் ஓடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றப் பார்த்தான். நான் அவனைத் தோற்கடிக்கப் பார்த்தேன். அந்த இருபத்து நாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நாலு நாளில் எண்பதைப் பற்றி இரண்டு பேரில் ஒருவன்கூட நினைக்கவில்லை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அதில்தான் போனது.

அன்று மத்தியானம் அவன் எழுபத்தெட்டில் பெட்டி கட்டினான். நன்றாகவே கட்டினான், அதைச் சொல்ல வேண்டும். மீன் தண்ணீர் இறங்காமல் மேலே ரப்பர் ஷீட் ஒட்டினான். பத்தொன்பதை மட்டும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். எதற்கு என்று தெரிந்தது. அடுத்த வண்டி வரும். அந்த வண்டி நிற்கிற வீட்டை யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை.

அவன் கடையை மூடிவிட்டு உள்ளே போனதும் அட்டைப் பெட்டியை இறக்கினேன். பத்தொன்பதையும் பாண்டு மணலில் வைத்து ஒரே கம்பியில் சேர்த்து, கழற்றிப்போட்ட ஹெட்லைட் பல்பு ஐந்தைக் குறுக்கே மாட்டினேன். பல்புகள் மங்கலாகச் சிவந்தன. வாளித் தண்ணீர் மூன்று வாரத்தில் செய்யாததை அவை செய்துவிடும். பாண்டைக் குழாயடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பல்புகள் அணைந்திருந்தன. கம்பியைக் கழற்றாமல் விட்டேன். அடி வரைக்கும் வடிந்த செல்லை எந்த சார்ஜரும் ஏற்காது. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் அளந்தேன். அட்டையில் எழுதினேன். பத்தொன்பது பூஜ்யம்.

முதலாளி அட்டையைப் படித்தான். பிறகு தானே அளந்தான். மூன்று செல்லுக்கு மேல் அளக்கவில்லை.

"யாரக் கேட்டு செஞ்ச?"

"யாரையும் கேக்கல."

"இது ஒங்கப்பன் வீட்டு சாமானா?"

"இல்ல. ஒங்கப்பா கட்டில் கீழ ஒரு ராத்திரிகூட வெக்க முடியாத சாமான்."

கையிலிருந்த மீட்டரை என்மேல் எறிந்தான். தோளில் பட்டுக் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. உள்ளேயிருந்து பெரியவர், "அலே! அலே!" என்று கத்தினார். எங்கள் இருவரில் யாரை விரட்டினார் என்று தெரியவில்லை. நான் என் பையில் துணிகளைப் போட்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். முதலாளி வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தி, பழக்கத்தில் மேசைக்கு அடியில் குனிந்தான். கூடையில் ஒரு பழம்கூட இல்லை. எல்லாம் துருவுக்குப் போயிருந்தது.

"கொஞ்சம் இருங்கக்கா, எலுமிச்சம்பழம் வாங்கியாறேன்."

"வேணாம். அந்த வாசனையே ஆவல." ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. தோளில் பையோடு நின்ற என்னைப் பார்த்தாள். "நிறுத்திட்டானா?"

"ஆமா."

"அஞ்சு நாளு முன்னாடி நிறுத்தியிருந்தா எனக்கு ஞாயித்துக்கெழம மிஞ்சியிருக்கும்" என்றாள். "இனிமே தண்ணி புடிக்கறேன்னு எங்க பக்கம் வந்துடாத."

போய்விட்டாள்.

கடலூர் பஸ் பிடிப்பதாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வைத்திக்குப்பம் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் நடந்தேன். அவள் வியாபாரத்துக்குப் போயிருந்தாள், வண்டி இல்லை. கதவு திறந்திருந்தது. கட்டில் இடம் மாறியிருந்தது. இப்போது கதவை ஒட்டிக் கிடந்தது, அவள் புருஷனின் கால் கிட்டத்தட்ட நிலைப்படிக்கு வெளியே நீண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தால் ஒரே ஆள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். அறையின் கோடியில் அடுப்பு இருந்த இடத்தில் ஒரு நீளமான புது வயர் சுவரோடு ஓடி, முனையில் பிளக் தொங்கியது; வண்டி இனி அங்கேதான் நின்று சார்ஜ் ஏறும். அடுப்பும் சிலிண்டரும் வெளியே கூரைத் தாழ்வாரத்துக்கு வந்திருந்தன.

"இன்னா பாக்குற?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நவுரு. காத்து வரட்டும்."

நகர்ந்தேன்.